சார்ஜ் ஏறும் வரை டெல்மருடன்

மே 6, செவ்வாய்

பல் டாக்டரிடம் போய் வந்தேன். கீழ்வரிசையில் ஒரு பல்லுக்கு மூடி போட வேண்டுமாம். வீட்டுக்கு வந்து தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கெல்சி ஃபோன் செய்தாள். குரலில் தேன் வழிந்தது. என் மகள் குரலில் தேன் வந்தால் எனக்கு ஏதோ வேலை வரப்போகிறது.

விஷயம் இதுதான். ஜூன் 28 சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். இடம் யூட்டா எல்லையைத் தாண்டியதும் வரும் ஒரு பண்ணை, மாப்பிள்ளை மாத்தியாஸின் சித்தப்பாவுடையது. நடத்திவைக்கப்போவது பாதிரியார் இல்லை, அவள் அப்பா. டெல்மர் இணையத்தில் ஏதோ படிவம் நிரப்பி அந்த உரிமையை வாங்கிவைத்திருக்கிறான். இது வரைக்கும் எனக்குத் தெரியும். இன்று தெரிந்தது: டெல்மருக்குக் கண்புரை எடுத்திருக்கிறார்கள். ஜூலை வரை வண்டி ஓட்டக் கூடாதாம். நாங்கள் இருவரும் இருக்கிற ரீனோவிலிருந்து அவனை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

யார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்மா, அப்பா வரலன்னா கல்யாணமே இல்ல. அவர நேரத்துக்குக் கொண்டுவந்து சேக்க உன்ன விட்டா யாரும்மா இருக்கா?"

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு வழியும் நேரமும் வகுத்தவள் நான். என்னை எங்கே தொட்டால் உருகுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

விவாகரத்து ஆகிப் பதினோரு வருடம். வாங்கி எட்டு மாதமே ஆன மின்சாரக் கார். நடுவில் முந்நூற்றைம்பது மைல் பாலைவனம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 7, புதன்

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன்?

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். கெல்சி பூ அனுப்பியிருக்கிறாள். லஞ்சம்.

பயண அட்டவணையின் முதல் வடிவம் தயார். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் "போகலாமா" என்பார்கள், போய்விடுவார்கள். நான் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மேடு எத்தனை அடி, ஏசி எத்தனை டிகிரி என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். பிறகு முள்ளம்பன்றியை மடியில் வைத்திருப்பவள் மாதிரி அந்தப் பேட்டரி எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

மூன்று நிறுத்தங்கள். ஃபாலனில் முப்பது நிமிடம். ப்ளூ மேரில் நாற்பது. ஈலியில் முப்பது. ஃபாலனுக்கும் ப்ளூ மேருக்கும் நடுவே நூற்று எழுபது மைல். இடையில் உப்புத்தரை, மாடுகள், வானம். பிளக் கிடையாது.

இதுவரை எளிது. சிக்கல் வேறு: சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் டெல்மரோடு என்ன செய்வது? ஓடும் காரில் சாலையைப் பார்க்கலாம். நிற்கும் காரில்? ஆகவே அட்டவணையில் இரண்டு பத்திகள் கூட்டியிருக்கிறேன்: "நான் உட்காருமிடம்", "அவன் உட்காருமிடம்". ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இருநூறு அடி இடைவெளி. ஃபாலனில் எனக்கு நூலகம், அவனுக்கு டோனட் கடை. ஈலியில் எனக்கு காபிக்கடை, அவனுக்கு ரயில் காட்சியகம். ப்ளூ மேரில் இருப்பதே ஒரு உணவகம்தான். அங்கே அவனுக்கு "நடைப்பயிற்சி" என்று போட்டிருக்கிறேன்.

மே 14, புதன்

டெல்மருக்குச் செய்தி அனுப்பினேன். பதினோரு வருடத்தில் நானாக அவனிடம் கேட்கும் முதல் கேள்வி: "உன் எடை என்ன?"

ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு: "எதுக்கு?"

பேட்டரிக் கணக்குக்கு என்றேன். நூற்றுத் தொண்ணூறு பவுண்டு என்று எழுதினான். நூற்றுத் தொண்ணூறு அவன் எங்கள் கல்யாணத்தின்போது. போன கிறிஸ்துமஸில் கெல்சி அனுப்பிய படத்தில் அவன் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தான், சோபா கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. இருநூற்று இருபத்தைந்து என்று பதிந்துகொண்டேன்.

மே 25, ஞாயிறு

ஒத்திகைப் பயணம், ஃபாலன் வரை. டெல்மருக்குப் பதிலாக ஐம்பது பவுண்டு கோழித்தீவன மூட்டை நான்கு, இருபத்தைந்து பவுண்டு உருளைக்கிழங்கு. கடைக்காரப் பெண்தான் ஏற்றித் தந்தாள். இருக்கையில் கனம் இருந்தும் பெல்ட் போடவில்லை என்று கார் விடாமல் கத்தியது. மூட்டைகளுக்குப் பெல்ட் போட்டேன்.

பக்கத்து வீட்டு க்ளாடெட் வேலியோரம் வந்து, கோழி வளர்க்கப் போகிறேனா என்று கேட்டாள். இல்லை, இது டெல்மர் என்றேன். அவள் கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்துவிட்டு, முன்பைவிட நன்றாக இருக்கிறான் என்றாள்.

போக வர பேட்டரிச் செலவு கணக்கிட்டதிலிருந்து ஒரு சதவீதம்தான் விலகல். திருப்தி. மூட்டைகள் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் திருப்தி.

ஜூன் 15, ஞாயிறு

பயண விதிகள் ஏழு, டெல்மருக்கு அனுப்பினேன். ஒன்று, ஏசி எழுபத்தாறு டிகிரி, அதைத் தொடக் கூடாது. இரண்டு, ஜன்னல் திறக்கக் கூடாது. மூன்று, கிளம்பும் நேரம் என்றால் கிளம்பும் நேரம். நான்கு, கண்சொட்டு நான்கு மணிக்கொரு தரம், நான் அலாரம் வைப்பேன். ஐந்து, பாட்டு வேண்டாம். ஆறு, பழைய கதை வேண்டாம். ஏழு, பை ஒன்று மட்டும்.

முதல் ஐந்துக்கும் கட்டைவிரல் படம் அனுப்பினான். ஆறுக்கும் ஏழுக்கும் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

நாளை காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். டெல்மர் தன் சாமான்களை இன்று மதியமே டாக்சியில் கொண்டுவந்து இறக்கினான். பை ஒன்றுதான். அதோடு ஒரு மரப்பெட்டி. தூக்கப் பார்த்தேன், பெட்டி அசையவில்லை, என் இடுப்பு அசைந்தது.

உள்ளே இரும்புச் சட்டிகள். ஐந்து. மூடியோடு, காலோடு, நெருப்பில் வைத்துச் சமைக்கிற ரகம். கெல்சிக்குக் கல்யாணப் பரிசாம். குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு பவுண்டு.

ஒரு சட்டி போதாதா என்றேன். "அஞ்சும் ஒரே செட்டு, வெர்லீன். ஒண்ண மட்டும் குடுத்தா மத்தது நாலும் என்ன பண்ணும்?" என்று அவற்றுக்காக வருத்தப்பட்டான். சட்டிகளுக்காக.

சண்டை போட நேரமில்லை. என் பையிலிருந்து இரண்டு ஜோடி செருப்பையும் முடி உலர்த்தியையும் எடுத்து வெளியே வைத்தேன். கணக்கை மறுபடி போட்டேன். ப்ளூ மேரில் பதினாறு சதவீதத்தோடு போய்ச் சேர்வோம். அங்கே இரண்டு சார்ஜர். சமாளிக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி. காலை 8.05, ஃபாலன்

நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்குமாம். வெயில் ஏறிவிட்டது. மொத்த இடத்திலும் நிழல் ஒன்று, அதன் கீழ் பெஞ்சு ஒன்று. டெல்மர் டோனட்டோடு அதில் இருந்தான். மறுமுனையில் உட்கார்ந்தேன். அட்டவணையின் இரண்டு பத்திகள் முதல் ஊரிலேயே காலி.

கண்சொட்டு அலாரம் அடித்தது. குப்பியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. டோனட்டை மடியில் வைத்துவிட்டு, ஒன்று சொல்ல வேண்டும், கத்தாமல் கேள் என்றான். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். டாக்டர் போன வாரமே வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். வீட்டு வாசலில் அவன் டிரக் முழு டாங்க் பெட்ரோலோடு நிற்கிறதாம்.

அப்படியானால் என் காரில் ஏன் ஏறினாய்? ஐந்து சட்டிகளோடு?

சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தான். நாளைக்குக் கல்யாணத்தில் அவன் பேச வேண்டியது. அதில் "அன்பர்களே" என்று இருந்தது. கீழே வெள்ளைத்தாள்.

"எழுத வரல, வெர்லீன். ஆறு வாரமா உக்காந்து பாத்துட்டேன். உன்னோட வந்தா எப்படியும் நீ எழுதவெச்சிருவன்னு தோணுச்சு."

சொல்ல வந்ததையெல்லாம் சொல்லாமல் பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. "திட்டமிட்டு வாழுங்கள்" என்று நான் ஆரம்பித்தேன். "திட்டம் போடாம வாழுங்க" என்பதுதான் சரி என்றான். இரண்டையும் அடித்தோம். "பொறுமை" என்று அவன் சொன்னான். பொறுமையைப் பற்றி நீ பேசுவாயா என்றேன். அதையும் அடித்தோம். தொண்ணூறு சதவீதம் ஏறிவிட்டது என்று கார் சொன்னபோது தாளில் மிஞ்சியிருந்தது "அன்பர்களே".

அதே நாள், 11.20, ப்ளூ மேர்

போச்சு.

எல்லாம் போச்சு. காரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிழக்கே இருந்து எதிர்க்காற்று. அது கணக்கிலேயே இல்லை. கடைசி இருபது மைல் ஏசியை அணைத்துவிட்டு வந்தோம். டெல்மர் சட்டையின் மூன்று பொத்தானைக் கழற்றிக்கொண்டு, ஒரு முறைகூடக் குறை சொல்லாமல், புழுங்கிய முட்டைக்கோஸ் மாதிரி உட்கார்ந்திருந்தான். பதினொரு சதவீதத்தோடு ஊருக்குள் நுழைந்தோம். சார்ஜர் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. வயர் இல்லை. இரண்டிலும் வயரை யாரோ செம்புக்காக வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாலறுந்த பல்லி மாதிரி ஒரு விரல் நீளம் தொங்குகிறது. என் ஃபோன் இன்னமும் "இரண்டு சார்ஜரும் தயார்" என்று பச்சை விளக்குக் காட்டுகிறது.

ஈலிக்கு எண்பது மைல். இருப்பதை வைத்து இருபது போகலாம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்யாண ஒத்திகை. அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வயர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு பத்தியும் இல்லை. இத்தனை வருடம் வேலை பார்த்து என்ன? அம்பத்திரெண்டு பஸ்ஸ ஓட்டவெச்சேனே, ஒரு காரக் கொண்டுபோய்ச் சேக்க முடியலையே.

பசிக்கிறது என்கிறான் டெல்மர்.

அதே நாள், 2.40, அதே ஊர்

உயிரோடு இருக்கிறோம். சொல்லப்போனால் வயிறு வெடிக்கும் நிலையில் இருக்கிறோம்.

உணவகம் மூடியிருந்தது. ஊரே எங்கோ போயிருந்தது. டெல்மர்தான் மூக்கை நிமிர்த்திக்கொண்டு, வறுத்த மிளகாய் வாசனை எந்தப் பக்கம் என்று மோப்பம் பிடித்து நடந்தான். ஊர்க்கோடியில், உள்ளேயே சமைத்துப் படுத்துப் பயணம் போகிற வீட்டுவண்டிகள் நிற்கும் மைதானம். நாற்பது வண்டிகள், வரிசையாக அடுப்புகள், மேலே ஒரு துணிப் பதாகை: வருடாந்தர சில்லிப் போட்டி. மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாயும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிற சில்லி, ஒன்பது பானைகளில்.

எனக்குக் கண்ணில் பட்டது பானை இல்லை. ஒவ்வொரு வண்டி நிற்கிற இடத்திலும் ஒரு தடித்த பிளக். வீட்டுவண்டிகளுக்கானது, ஆனால் என் காருக்கும் பொருந்தும். மெதுவாக ஏறும், ஏறும். ஓடிப்போய் மைதானத்தின் சொந்தக்காரியைப் பிடித்தேன். பெயர் அயோன். எழுபது வயதிருக்கும், கையில் ஒலிபெருக்கி, இடுப்பில் கரண்டி. எல்லா பிளக்கிலும் ஆள் இருக்கிறது, நடுவர்களுக்கு ஒதுக்கிய ஒன்றுதான் காலி, அதை நடுவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும் என்றாள். நடுவர்கள் எங்கே என்றேன். எல்கோவிலிருந்து வர வேண்டியவர்கள், வழியில் டயர் வெடித்து வரவில்லையாம். வெளியூர்க்காரர்கள்தான் நடுவராக இருக்க வேண்டுமாம். போன வருடம் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்து, பரிசு அவர் மச்சினிக்குப் போய், ஒரு பானை காற்றில் பறந்ததாம்.

அப்போதுதான் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்லையே?"

"எங்களுக்குள்ளயே இல்லம்மா" என்றான் டெல்மர்.

இப்படியாகப் பன்னிரண்டு மணிக்குக் காரில் பிளக் ஏறியது, எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு சிவப்பு ரிப்பன் ஏறியது. ஒன்பது கிண்ணங்கள். மூன்றாம் எண்ணை வாயில் வைத்ததும் எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. ஆறாம் எண்ணில் உலர்திராட்சை. நான் காரம், பதம், மணம் என்று பிரித்து அரை மார்க், கால் மார்க் போட்டேன். டெல்மர் ஒன்பதுக்கும் ஏழு போட்டான். அப்படியென்றால் யாருக்குப் பரிசு என்று கேட்டதற்கு, எல்லாரும் காலையிலிருந்து வெயிலில் கிளறியிருக்கிறார்களே என்கிறான். ஒரே தாளில் இருவரும் ஒத்துப்போய் மார்க் போட்டுத் தர வேண்டும், அதுதான் விதி என்று அயோன் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டாள். நாற்பது குடும்பங்கள் பார்க்க ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். புருஷன் பெண்டாட்டி என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒரு அம்மாள் எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில், அவன் "இருபத்தாறு" என்றான், நான் "இல்லை" என்றேன்.

ஐந்தாம் கிண்ணத்துக்கும் ஆறாம் கிண்ணத்துக்கும் நடுவில், நாக்கு ஆற மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஆறாம் விதியை மீறினான். இதை மட்டும் சரியாக எழுதிவைக்க வேண்டும்.

பதினோரு வருடம் முன்பு கிராண்ட் கேன்யனுக்குப் போவதாக இருந்தோம். கிளம்பும் நேரம் விடியற்காலை 4.40. நான் காரில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தேன். அவன் வரவில்லை. ஒரு வருடமாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளாத காலம் அது. வர விருப்பமில்லை, அதைச் சொல்லவும் வாயில்லை என்று முடிவு செய்து, கிளம்பிப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது அவன் தன் துணிமணிகளோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தான். பிறகு வக்கீல்கள்தான் பேசினார்கள்.

"நீ ஹார்ன் கூட அடிக்கல, வெர்லீன்."

"அஞ்சு நிமிஷம் காத்திருந்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல எந்த பஸ்ஸும் நிக்காது."

"நான் ஷூ தேடிட்டிருந்தேன்."

என்ன ஷூ என்றேன். அவனிடம் இருந்ததே இரண்டு ஜோடி. இரண்டையும் காணோமாம். கட்டிலடி, குளியலறை, துணி துவைக்கும் மெஷினுக்குள்கூடப் பார்த்தானாம். கார் சத்தம் கேட்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடிவந்தானாம். காரின் பின்விளக்கு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்ததாம்.

 அந்த ஷூக்கள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். கிராண்ட் கேன்யனில் டிக்கியைத் திறந்தபோது இரண்டு ஜோடியும் அங்கே இருந்தன. காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று முந்தின நாளே நான்தான் எடுத்துவைத்தேன். அதைப் பார்த்தும், அவன் அதைத்தான் தேடியிருப்பான் என்று தோன்றாமல், கடைசி நிமிடத்தில் மனம் மாறிவிட்டான் என்று அந்த மலை விளிம்பில் உட்கார்ந்து நான் அழுதிருக்கிறேன்.

சொன்னேன். அவன் மோர் தம்ளரைக் கீழே வைத்தான்.  பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிக்கிறான். நானும் சிரித்துத் தொலைத்தேன். மூன்றாம் எண் மிளகாய் மூக்கில் ஏறி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, ரிப்பன் நனைய நனைய. நடுவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அயோன் ஐஸ் பெட்டியோடு ஓடிவந்தாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கல்யாணம் முறிஞ்சதுக்கு ஷூ காணோம்னு காரணம் சொன்னா, எந்த வக்கீல் எழுதிக்குவான்?"

பரிசு ஆறாம் எண்ணுக்கு. உலர்திராட்சைக்கு நான் ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு மூன்றாம் எண்ணுக்குக் குறைக்கச் சொன்னேன், அவன் ஏழிலிருந்து இறங்க மறுத்தான், அதற்கும் ஒத்துக்கொண்டேன். மார்க் தாளின் நகல் ஒன்றை எங்களுக்கு நினைவாகக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கத்தில் இப்போது டெல்மர் கல்யாணப் பேச்சை எழுதிக்கொண்டிருக்கிறான். நிற்காமல் எழுதுகிறான். கார் ஐம்பத்தைந்து சதவீதம். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஈலியில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு 6.10க்குப் பண்ணை. எழுபது நிமிடம் தாமதம். என் வாழ்க்கையிலேயே அதிகமான தாமதம். பரவாயில்லை.

ஜூன் 28, சனி. காலை 7, பண்ணை

எழுபது நிமிடம் இல்லை.

நேற்றுச் சரியாக 6.10க்குப் பண்ணை வாசலில் காரை நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைக் காட்டி, சொன்ன நிமிடத்துக்கு வந்துவிட்டோம் என்று டெல்மரிடம் பெருமையடித்தேன். கெல்சி ஓடிவந்தாள். ஐந்து மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது மணி ஏழு பத்து, என்ன ஆயிற்று என்றாள்.

யூட்டா எங்கள் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாநில எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தை மாற்ற வேண்டும். இது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஏழு வாரம், பதினான்கு வடிவம், காற்றின் திசை, சட்டியின் எடை, எல்லாம் எழுதினேன். இதை எழுதவில்லை. எதிர்க்காற்றும் வயர் திருட்டும் இல்லாமல் போயிருந்தாலும் ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வந்திருப்பேன், அதை இரண்டு மணி நேரம் முன்னால் என்று நினைத்துக்கொண்டு.

டெல்மர் சட்டிப் பெட்டியை இறக்குவதிலேயே மும்முரமாக இருந்தான். அந்த முதுகைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உனக்குத் தெரியுமா என்றேன்.

"ஃபாலன்லயே பாத்தேன்" என்றான். "சொல்லியிருந்தா நீ எண்பதுல பறந்திருப்ப. பேட்டரி அந்த உப்புத்தரையிலயே காலியாயிருக்கும்."

கோபப்பட வாய் திறந்தேன். கணக்கு மனதுக்குள் ஓடியது. எண்பதில், அந்த எதிர்க்காற்றில், ப்ளூ மேருக்கு முப்பது மைல் முன்னாலேயே நின்றிருப்போம். வாயை மூடிக்கொண்டேன்.

ஒத்திகை நாங்கள் இல்லாமலே நடந்துவிட்டதாம். அப்பா இடத்தில் ஒரு வைக்கோல் கட்டை நிற்கவைத்தார்களாம்.

ஜூன் 28, மதியம்

முடிந்தது. கெல்சி அழகாக இருந்தாள். மாத்தியாஸ் அழுதான், அவன் சித்தப்பா அதைவிட அழுதார்.

டெல்மர் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றான். காற்று. தாளைப் பிரித்தான். "அன்பர்களே" என்றான், நன்றாகத்தான் ஆரம்பித்தான். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கணீரென்று வாசித்தான்: "எண் மூன்று. காரம் அதிகம். பீன்ஸ் சரியாக வேகவில்லை. முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வரும். பத்துக்கு ஏழு."

நூற்றிருபது பேர் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். மாத்தியாஸ் கெல்சியைப் பார்த்தான். யாரோ பின்வரிசையில் மூக்கால் சிரித்தார்கள். டெல்மர் தாளைத் தலைகீழாகத் திருப்பினான், மறுபடி மார்க்தான், அதுவும் தலைகீழாக. அவன் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது.

"பின்பக்கம், டெல்மர்" என்றேன். முதல் வரிசையிலிருந்து, பள்ளிப் பேருந்து நிலையத்துக் குரலில்.

அப்புறம் மொத்தப் பண்ணையும் சிரித்தது. சிரிப்பு ஓய நேரமானது. டெல்மர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டான். வாசிக்காமலே பேசினான்.

"நானும் கெல்சியோட அம்மாவும் இந்தப் பரிச்சையில ஃபெயிலானவங்க. அதனால புத்தி சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஒருத்தர் வரலன்னா, அவங்க வர விரும்பலன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. இறங்கிப் போய்க் கேளுங்க. ஷூவத் தேடிட்டிருப்பாங்க."

என்ன ஷூ என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள். நான் கைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

திரும்பும் வழி. சட்டிகள் இல்லை, காற்று முதுகுப்பக்கம். ஈலியைத் தாண்டியதும் டெல்மரை ஓட்டச் சொன்னேன். ஐம்பத்தெட்டில் ஒரே சீராக ஓட்டினான். ஏசியை எழுபத்திரண்டுக்கு இறக்கினான். பார்த்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

தூங்கிவிட்டேன். வண்டியில் நான் தூங்கியது இதுதான் முதல் தடவை. விழித்தபோது ப்ளூ மேர் மைதானத்தில் பிளக் மாட்டி நின்றிருந்தது கார். அயோனோடு உட்கார்ந்து மிச்ச சில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் எழுப்பவில்லை என்றேன். எதற்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டான். நானும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூலை 3, வியாழன்

பல்லுக்கு மூடி போட்டாயிற்று. டெல்மர் சூப்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணி அடித்தான். உள்ளே வரச் சொன்னேன். வாய் மரத்திருந்ததால் நான் பேசவில்லை. அவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம்.

ஜூலை 20, ஞாயிறு

கோழித்தீவனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அண்டை வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். க்ளாடெட் வேலியோரம் வந்து, மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அசலையே கூட்டிவந்துவிட்டாயா என்று கேட்டாள். அவன் தண்ணீர்க்குழாயைச் சரிசெய்ய வந்திருந்தான், அவ்வளவுதான். அதை அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கெல்சி நேராகவே கேட்டுவிட்டாள். "நீயும் அப்பாவும் மறுபடி சேந்துட்டீங்களாம்மா?" இல்லை என்றேன். உண்மைதான். அவன் அவன் வீட்டில் இருக்கிறான், நான் என் வீட்டில் இருக்கிறேன். நடுவில் நான்கு தெரு. என்ன என்று பெயர் வைக்கத் தெரியவில்லை. பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கெல்சியும் மாத்தியாஸும் யூட்டாவில் இன்னும் உள்ளே இருக்கிற மோவாபில் குடியேறிவிட்டார்கள். அக்டோபர் முதல் வாரம் போகிறோம். டெல்மர் டிரக்கை எடுத்து வருகிறேன் என்றான், அதில் போனால் எங்கும் நிற்காமல் போய்விடலாம் என்றும் சொன்னான். பெட்ரோல் வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மதியம் முழுக்க அட்டவணை. நான்கு நிறுத்தங்களில் போய்ச் சேரலாம். காற்று சரியாக இருந்தால் மூன்றே போதும் என்கிறது கார்.

டெல்மரிடம் ஏழு என்று சொல்லியிருக்கிறேன்.